பதினாறாவது வாரம்

ஷார்ஜாவில் எங்கள் ஸ்கேன் அறைச் சுவரில்
அந்தப் பலகை இல்லை.

நான் தொழில் படித்த மதுரை ஆஸ்பத்திரியில்
தண்ணீர் கேனுக்கு மேலே
ஒற்றை ஆணியில் சாய்ந்து தொங்கும்:
கருவில் இருப்பது ஆணா பெண்ணா எனக் கூறுவது
தண்டனைக்குரிய குற்றம்.
இங்கே அந்த இடத்தில் ஒரு காலண்டர்,
அதில் ஒரு ஒட்டகம்.

இங்கே கேட்கலாம். சொல்லலாம்.
எகிப்துக்காரி குலவையிட்டுச் சிரிப்பாள்.
நாலு பையன் பெற்ற சூடான் அம்மாள்
பெண் என்றதும் என் கையில் முத்தமிட்டாள்,
ஜெல்லோடு.
நம்மவர்கள் கேட்கும்போது மட்டும்
ஏசியின் சத்தம் கூடிவிடுகிறது.

என் பெயர்ப்பட்டையைத் தொட்டுப் பார்த்து
மரிசெல் ஒருநாள் கேட்டாள்,
போதும், அழகான பேர், என்ன அர்த்தம்?
போதும் என்றால் போதும் என்றேன்.
யோசித்தாள். மனநிறைவா?
ஆமாம் மரிசெல், மனநிறைவு.

மூன்று பெண்ணுக்குப் பிறகு நான்காவது, போதும்பொண்ணு.
பேர் பலித்தது. அடுத்தது ராஜதுரை.
அவனுடைய இன்ஜினியரிங் கடைசி செமஸ்டர் ஃபீஸை
போன புதன்கிழமை எக்ஸ்சேஞ்சில் அனுப்பினேன்,
ரேட் கொஞ்சம் நன்றாக இருந்தது.

வளர்மதி வந்தது வியாழன் சாயங்காலம்.
கூடவே கணவன், ஜெபல் அலியிலிருந்து நேராக,
ஹெல்மெட் அழுத்திய கோடு நெற்றியில்.
கெட்டவன் என்று சொல்ல முடியாது.
அவள் குனிய வேண்டாமென்று
செருப்பை அவனே கழற்றிவிட்டான்.
தள்ளுவண்டியில் மூத்த மகள் தூங்கினாள்,
வாயில் ஜூஸ் ஸ்ட்ரா.
அவன் கையில் போன், போட்டிமில் அவன் அம்மா,
உறைந்து உறைந்து அசைகிற முகம்.
"சும்மா, தெரிஞ்சிக்கத்தான் மேடம்."

திரையில் அவள் இருந்தாள்.
நூற்று நாற்பத்தெட்டுத் துடிப்பு,
தொடையெலும்பு இருபது மில்லி,
கட்டைவிரலை வாய்க்குள் வைத்தும் எடுத்தும்,
கால்களை அகல விரித்துக்கொண்டு
ஒளிக்க ஒன்றுமில்லாதவளாக.

எனக்கென்று ஒரு பொய் உண்டு.
கால் மடக்கியிருக்கு, தெரியலை, அடுத்த மாசம் வாங்க.
இந்த வருடம் மட்டும்
பதினோரு குழந்தைகளின் காலை மடக்கியிருக்கிறேன்.
பன்னிரண்டாவதுக்கு வாயெடுக்குமுன்
சிக்னல் போய்விட்டது. போனைத் தூக்கிக்கொண்டு
அவன் வராந்தாவுக்கு ஓடினான்.

என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"அக்கா, பையன்னு சொல்லிடுங்க."

என்ன குழந்தை என்று அவள் கேட்கவே இல்லை.

"சனிக்கிழமைக்கு டிக்கெட். அங்க
தெரிஞ்ச டாக்டர் இருக்காராம்.
பையன்னா கேன்சல் பண்ணிடுவாங்க.
ஏழு மாசம் தாண்டினா ஃபிளைட்ல ஏத்த மாட்டாங்களாமே,
நிஜமாக்கா?"

நிஜம்தான் என்றேன்.

"போன தடவை" என்று ஆரம்பித்தவள்
மூத்தவளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

கண்டதைச் சொல், காணாததைச் சொல்லாதே.
முதல் வகுப்பில் எங்களுக்கு அதைத்தான் சொன்னார்கள்.
அவன் திரும்பி வந்தான். சிக்னலும் வந்திருந்தது.

பையன், என்றேன்.

இத்தனை சுலபமாகவா வரும் அந்தச் சொல்,
எங்கள் வீட்டில் பத்து வருடம் காத்துக் கிடந்த சொல்?
போனுக்குள் யாரோ கைதட்டினார்கள்.
அவன் என்னைக் கும்பிட்டான்.
மூத்தவள் விழித்துக்கொண்டு அழுதாள், யாரும் தூக்கவில்லை.
வளர்மதி டிஷ்யூவால் வயிற்றைத் துடைத்தாள்,
துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப.

அக்டோபரில் வந்து கத்துவார்கள்.
மெஷின் தப்பு என்பேன்.
லைசென்ஸ் போனால் போகட்டும் என்று
இப்போது சொல்ல முடிகிறது. அப்போது எப்படியோ.
ராஜதுரைக்கு ப்ராஜெக்ட் ஃபீஸ் வேறு பாக்கி.

"படம் கிடைக்குமா மேடம்?"

பட்டனை அழுத்தினேன்.
கறுப்பு வெள்ளையில் இளஞ்சூடாக வெளியே வந்தாள்.
மேல் ஓரத்தில் பொடி எழுத்தில்
தேதி, கிளினிக், ஸ்கேன் எடுத்தவர் போதும்பொண்ணு,
சரியாக அவள் தலைக்கு மேலே.

டிராயரில் கத்தரி இருந்தது.
அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுத்தேன்.